தொடக்கப்பள்ளி நூலகர்

தொடக்கப்பள்ளி நூலகர் என்பவர் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை பயிலும் குழந்தைகளுக்கான பள்ளி நூலகத்தை நடத்துபவர். நூல்களைத் தேர்ந்தெடுத்தல், பதிவு செய்தல், அடுக்குதல், வழங்குதல், பழுதுபார்த்தல் ஆகியவை எல்லா நூலகர்களுக்கும் உரிய பணிகள். தொடக்கப்பள்ளி நூலகருக்கு இவற்றோடு வேறு சில பணிகளும் உண்டு. கதை சொல்வது, வாய்விட்டு வாசித்துக் காட்டுவது, இப்போதுதான் எழுத்துக்கூட்டத் தொடங்கியிருக்கும் குழந்தைக்கு ஏற்ற நூலைக் கண்டெடுத்துக் கையில் கொடுப்பது ஆகியவை அவை. பொது நூலகத்திற்கு வருபவர் பெரும்பாலும் வாசிக்கத் தெரிந்தவர். தொடக்கப்பள்ளி நூலகத்திற்கு வருபவரோ வாசிக்கக் கற்றுக்கொண்டிருப்பவர். இவருடைய பணி மற்ற நூலகர்களின் பணியிலிருந்து மாறுபடுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் பொதுவாக நூலகர் என்று தனிப் பணியிடம் கிடையாது. ஆசிரியர்களுள் ஒருவரே இதனைக் கூடுதல் பொறுப்பாக ஏற்கிறார். எனவே இக்கட்டுரையில் நூலகர் என்ற சொல், பதவியின் பெயர் எதுவாயினும், அப்பணியைச் செய்பவரைக் குறிக்கிறது.

பணியிடமும் பொறுப்பும்

கேந்திரிய வித்யாலயா பள்ளிகளிலும் பெரிய தனியார் பள்ளிகளிலும் நூலக அறிவியல் படித்த தனி நூலகர் இருப்பது வழக்கம். அவருக்கென்று ஓர் அறை, நாற்காலி, கணினி, பாடவேளை அட்டவணை எல்லாம் இருக்கும். சிற்றூர்த் தொடக்கப்பள்ளியின் நிலை வேறு. அங்கு நூலகம் என்பது தலைமையாசிரியர் அறையில் உள்ள ஒரு பீரோவாகவோ, வகுப்பறையின் பின்சுவரில் உள்ள இரண்டு தட்டுகளாகவோ இருக்கலாம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் 60 குழந்தைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை இருந்தால் மூன்று ஆசிரியர்கள் இருக்க வேண்டும். அதாவது ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்துகொள்கின்றனர். அவர்களில் ஒருவர் தலைமையாசிரியராகவும் இருப்பார். மாணவர் வருகை, மதிய உணவுக் கணக்கு, இலவசப் பொருள்கள் வழங்கல், இணையத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் இடையில்தான் நூலகப் பணியும் நடக்க வேண்டும். தொடக்கப்பள்ளி நூலகரின் பணிகளைப் பற்றிப் பேசும்போது இந்த நேரநெருக்கடியை மறந்துவிட்டுப் பேசினால், அது நடைமுறைக்கு உதவாத பட்டியலாகவே முடியும்.

சட்டப் பின்னணி

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. செய்தித்தாள்கள், இதழ்கள், கதை நூல்கள் உள்ளிட்ட எல்லாப் பாடங்களுக்குமான நூல்கள் ஆகியவை அங்குக் கிடைக்க வேண்டும் என்றும் கூறுகிறது. கதை நூல்களைச் சட்டமே தனியாகக் குறிப்பிட்டிருப்பது கவனிக்கத்தக்கது. பாடத்திற்கு உதவும் நூல்கள் மட்டும் இருந்தால் போதாது என்பது இதன் பொருள். ஆனால் அந்த நூலகத்தை நடத்த ஒருவர் வேண்டும் என்று அந்த அட்டவணை கூறவில்லை. ஆசிரியர் எண்ணிக்கையைத் துல்லியமாகக் கூறும் அதே அட்டவணையில் நூலகர் இடம்பெறவில்லை.

2018இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷா, அரசுப் பள்ளி நூலகங்களுக்கு ஆண்டு மானியம் அளிக்க வழிசெய்தது. தொடக்கப்பள்ளிக்கு இது 5,000 ரூபாய் வரை. ஒரு குழந்தை நூலின் விலை சராசரியாக 50 ரூபாய் என்று கொண்டால், ஏறத்தாழ 100 நூல்கள் வாங்கலாம்.

தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறையும் பல முயற்சிகளை மேற்கொண்டுள்ளது. செயல்வழிக் கற்றல் நடைமுறையில் இருந்தபோது, புத்தகப் பூங்கொத்து என்ற பெயரில் கதை நூல்கள் வகுப்பறைகளுக்கு வழங்கப்பட்டன. 2022 முதல் நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்காக ஊஞ்சல் என்ற இதழ் வெளிவருகிறது. 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்னும் நான்கு படிநிலைகளில் சிறு நூல்களை வெளியிட்டது. ஆகவே நூலே இல்லை என்ற நிலை பல பள்ளிகளில் இன்று இல்லை. வந்து சேர்ந்த நூல் குழந்தையின் கைக்குப் போகிறதா என்பதே இப்போதைய கேள்வி.

பூட்டிய பீரோ

பள்ளிக்கு வரும் ஒவ்வொரு நூலும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றப்படுகிறது. ஏற்றிய பிறகு அது அரசின் உடைமை. ஆண்டாய்வின்போதோ தணிக்கையின்போதோ, பொறுப்பு ஆசிரியர் மாறுதலாகிச் செல்லும்போதோ பதிவேட்டில் உள்ள நூல்களை எண்ணிக் காட்ட வேண்டும். ஒரு நூல் குறைந்தால் தன் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற அச்சம் பொறுப்பு ஆசிரியருக்கு எழுவது இயல்பு. குழந்தையிடம் கொடுத்தால் நூல் கிழியும், மழையில் நனையும், தம்பி கிறுக்குவான், சில வேளைகளில் திரும்பி வராமலும் போகும். பீரோவில் பூட்டி வைத்தாலோ ஒன்றும் ஆகாது, கணக்கும் சரியாக இருக்கும். இப்படித்தான் நல்ல நோக்கத்துடன் வாங்கப்பட்ட நூல்கள் புதுமை மாறாமலேயே பழையனவாகின்றன. அட்டை மட்டும் மங்கியிருக்கும், உள்ளே ஒரு பக்கம்கூடப் புரட்டப்பட்டிருக்காது.

இந்த அச்சத்தைச் சோம்பல் என்று கூறிவிட முடியாது. ஒருவரைக் கணக்குக்குப் பொறுப்பாக்கிவிட்டு, வாசிப்புக்குப் பொறுப்பாக்காமல் விட்டதன் விளைவு இது. நூல் குறைந்தால் கேள்வி வரும், ஒரு குழந்தையும் வாசிக்கவில்லை என்றால் கேள்வி வராது. அந்நிலையில் எவரும் பூட்டையே தேர்ந்தெடுப்பர்.

நூலகத்தில் சிறிது இழப்பு இயல்பானது என்பதை அரசு விதிகளே ஏற்றுக்கொண்ட சான்று உண்டு. ஒன்றிய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215ஆம் விதி நூலக நூல்களைச் சரிபார்ப்பது பற்றியது. ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது பயன்படுத்தப்பட்ட 1,000 நூல்களுக்கு ஐந்து நூல்கள் வரை குறைவது ஏற்கத்தக்கது என்று அது கூறுகிறது. நேர்மைக்குறைவோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும், எவ்விலையாயினும் அரிய நூலும் காணாமற்போனால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இவ்விதி ஒன்றிய அரசின் அலுவலகங்களுக்கு உரியது, மாநிலத் தொடக்கப்பள்ளியை நேரடியாகக் கட்டுப்படுத்துவதன்று. ஆனாலும் அதன் அளவுகோல் பயனுள்ளது. 60 குழந்தைகள் உள்ள பள்ளியில் ஒவ்வொருவரும் வாரம் ஒரு நூல் வீதம் 35 வாரங்கள் எடுத்துச் சென்றால், ஆண்டுக்கு 2,100 முறை நூல் கைமாறுகிறது. அந்த அளவுகோலின்படி பத்து நூல்கள் குறைவது இயல்பான தேய்மானம்.

ஆகவே பீரோவைத் திறக்கத் துணியும் நூலகர் முதலில் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். வழங்கல் பதிவேட்டை ஒழுங்காக எழுதுவது, கிழிந்த நூல்களையும் காணாமற்போன நூல்களையும் தனிப் பட்டியலாக வைத்திருப்பது, ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அப்பட்டியலை வைத்துத் தீர்மானமாகப் பதிந்துகொள்வது ஆகியவை அதற்கு உதவும். பெற்றோரும் ஊராட்சி உறுப்பினரும் அமர்ந்திருக்கும் குழு அது. நூல்கள் எப்படிக் குறைந்தன என்பது ஊரறிந்த செய்தியாகிவிட்டால் ஆசிரியரின் அச்சம் பாதியாகும். தலைமையாசிரியரும் ஆய்வுக்கு வரும் அலுவலரும் இதைக் குற்றமாகக் கருதாமல் பயன்பாட்டின் அடையாளமாகக் கருதினால் மீதியும் போகும்.

பணிகள்

நூல்களைத் தேர்ந்தெடுத்தல்

தொடக்கப்பள்ளிக்கான நூலை அதன் அறிவுரைக்காகத் தேர்ந்தெடுப்பது பொதுவாகக் காணப்படும் தவறு. ஒவ்வொரு கதையின் முடிவிலும் நீதி எழுதப்பட்ட நூல்களே நிறைந்திருந்தால் குழந்தைக்கு நூலகமும் இன்னொரு வகுப்பாகிவிடும். படங்கள் மட்டும் உள்ள நூல், ஒரு பக்கத்திற்கு ஒரு வரி உள்ள நூல், நான்கைந்து வரிகள் உள்ள நூல், சிறு இயல்களாகப் பிரிந்த நீள்கதை என எல்லா அளவிலும் நூல்கள் இருக்க வேண்டும். பாடல்கள், விடுகதைகள், பறவைகள், பூச்சிகள், விண்வெளி, விளையாட்டு, ஊர்திகள் பற்றிய நூல்களும் வேண்டும். கதையை விரும்பாத குழந்தை வண்டிகளைப் பற்றிய நூலில் ஒரு மணி நேரம் மூழ்கியிருக்கும்.

எழுத்தின் அளவு, வரிகளுக்கிடையே உள்ள இடைவெளி, படத்தின் தெளிவு, தையலின் உறுதி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். கம்பி அடித்த மெல்லிய நூல் இரண்டாம் வகுப்பில் ஒரு மாதம் தாங்குவதே அரிது. சிறுவர் நூல்களை வெளியிடும் நேஷனல் புக் டிரஸ்ட், சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் ஆகிய இரண்டும் 1957இல் தொடங்கப்பட்டவை. சென்னையில் உள்ள தூலிகா, தாரா ஆகிய பதிப்பகங்களும் படநூல்களுக்குப் பெயர்பெற்றவை. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்க் கதைகள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. அவற்றை அச்சிட்டுத் தைத்து நூலாக்கிக்கொள்ளத் தடை இல்லை.

அடுக்குதல்

பெரிய நூலகங்களில் உள்ள எண்முறைப் பகுப்பு தொடக்கப்பள்ளிக்கு வேண்டியதில்லை. கதை, பாட்டு, விலங்குகளும் செடிகளும், அறிவியல், மனிதரும் வரலாறும், அகராதி என ஆறேழு பிரிவுகள் போதும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம் வைத்து, நூலின் முதுகில் அந்நிறத் தாளை ஒட்டிவிட்டால், எழுதப் படிக்கத் தெரியாத ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் நூலை அதன் இடத்தில் திருப்பி வைத்துவிடும்.

நான்காம், ஐந்தாம் வகுப்பினருக்கு ஆசிரியர் பெயர்வரிசையை அறிமுகப்படுத்தலாம். தமிழ்ப் பெயர்களில் தலைப்பெழுத்து முன்னால் வருவதால் பெயரை வைத்தே வரிசைப்படுத்த வேண்டும். அழ. வள்ளியப்பாவின் நூல்கள் வகர வரிசையிலும், பெ. தூரனின் நூல்கள் தகர வரிசையிலும் வரும். இதைக் கற்றுக்கொண்ட குழந்தைக்கு அகராதி பார்ப்பதும் எளிதாகிவிடும்.

அடுக்கின் உயரம் நான்கு அடியைத் தாண்டக் கூடாது. சில நூல்களையாவது முன்னட்டை தெரியும்படி வைக்க வேண்டும். குழந்தை நூலைத் தேர்ந்தெடுப்பது அட்டைப் படத்தைப் பார்த்துத்தான். தட்டு வாங்கப் பணம் இல்லாத பள்ளியில் சுவரோரமாகக் கயிறு கட்டி, நூல்களை விரித்துத் தொங்கவிட்டாலும் இதே பயன் கிடைக்கும்.

வழங்குதல்

வாரம் ஒரு நூலக வேளை என்று வைத்துக்கொள்வோம். 40 நிமிடம் கொண்ட பாடவேளையில் 30 குழந்தைகளிடம் நூலைத் திரும்பப் பெற்றுப் பதிவதற்கே ஆளுக்கு ஒரு நிமிடம் ஆனால் 30 நிமிடம் போய்விடும். வாசிக்க எஞ்சுவது பத்து நிமிடம். இதைத் தவிர்க்கத் திரும்பப் பெறும் வேலையை நூலக வேளைக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். காலை வழிபாட்டுக்கு முன் நூல்களைப் போட ஓர் அட்டைப்பெட்டியை வைத்துவிட்டு, ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் இருவரைப் பதிவேட்டில் குறிக்கச் சொல்லலாம். அவர்கள் அதைப் பெருமையாகச் செய்வர். வாரம்தோறும் ஆளை மாற்றினால், ஆண்டு முடிவதற்குள் எல்லோருக்கும் முறை வந்துவிடும்.

சில தடைகளை நூலகர் வைக்கவே கூடாது. நூல் தாமதமானால் தண்டம் வாங்குவது, வீட்டுப்பாடம் எழுதாத குழந்தைக்கு நூல் இல்லை என்பது, வாசித்த ஒவ்வொரு நூலுக்கும் சுருக்கம் எழுதி வரச் சொல்வது ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. கிழித்துவிட்டால் அடி விழும் என்று தெரிந்த குழந்தை நூலையே தொடாது. கிழிந்த நூலை ஒளிக்காமல் கொண்டுவந்து காட்டும் குழந்தைக்கு உடனே அடுத்த நூல் கிடைக்க வேண்டும்.

வாய்விட்டு வாசித்தல்

தமிழில் பேச்சுமொழிக்கும் எழுத்துமொழிக்கும் இடைவெளி மிகுதி. வீட்டில் "அவன் வந்துட்டான்" என்று கேட்டுப் பழகிய குழந்தை, நூலில் "அவன் வந்துவிட்டான்" என்று காண்கிறது. எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தாலும் அந்தச் சொற்றொடர் அதன் காதுக்குப் புதிது. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகளையும் கற்ற பிறகும் சில குழந்தைகள் பொருள் புரியாமல் வாசிப்பதற்கு இது ஒரு காரணம். நாள்தோறும் பத்து நிமிடம் நல்ல கதை ஒன்றை வாய்விட்டு வாசித்துக் காட்டினால் எழுத்துமொழியின் ஓசை காதில் ஏறிவிடும். பிறகு நூலில் அதே தொடரைக் காணும்போது அது அறிமுகமான குரலாக இருக்கும்.

கதை சொல்வதும் கதை வாசிப்பதும் வேறு வேறு. சொல்லும்போது ஊர்ப்பேச்சில் சொல்லலாம், கேட்பவருக்கேற்ப மாற்றலாம். வாசிக்கும்போது நூலில் உள்ளபடியே வாசித்து, பக்கத்தைக் குழந்தைகள் பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும். நூலகர் இரண்டையும் செய்ய வேண்டும். வீட்டில் தெலுங்கோ, கன்னடமோ, உருதோ பேசும் குழந்தைகளும், வேலை தேடி வந்த வடமாநிலக் குடும்பங்களின் குழந்தைகளும் உள்ள பள்ளியில் சொற்களே இல்லாத படநூல்கள் பெரிதும் உதவுகின்றன. அந்தப் படங்களுக்கு எல்லோரும் தத்தம் மொழியில் கதை சொல்ல முடியும்.

ஏற்ற நூலைக் கொடுத்தல்

நூலின் கடினத்தைக் குழந்தையே அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒரு பக்கத்தை விரித்து வாசிக்கும்போது தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்த நூலை இப்போது தனியாக வாசிப்பது கடினம், யாராவது உடனிருந்து வாசித்துக் காட்டலாம்.

படிநிலை நூல்களைக் கையாளும்போது நூலகருக்குத் தனிக் கவனம் தேவை. நுழை, நட, ஓடு, பற என்ற நிலைகள் நூலுக்கு உரியவை, குழந்தைக்கு உரியவை அல்ல. ஐந்தாம் வகுப்பில் இருந்தும் இன்னும் தடுமாறி வாசிக்கும் குழந்தை எல்லார் முன்னிலையிலும் முதல் நிலை நூலை எடுக்கக் கூசும். அக்குழந்தையிடம், "ஒன்றாம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்கு நாளை நீ இதை வாசித்துக் காட்டு" என்று சொல்லி அதே நூலைக் கொடுக்கலாம். அது வீட்டில் நான்கு முறை வாசித்துப் பழகி வரும். கூச்சம் இருந்த இடத்தில் ஒரு பொறுப்பு வந்து அமர்ந்துவிடும். எந்தக் குழந்தைக்கு இப்படி ஒரு வழி வேண்டும் என்பது பதிவேட்டைப் பார்த்தால் தெரியாது, குழந்தையைத் தெரிந்திருக்க வேண்டும். ஆசிரியரே நூலகராக இருப்பதில் உள்ள பெரிய நன்மை இதுவே.

தேடிக் கண்டறியப் பழக்குதல்

குழந்தை கேள்வி கேட்டால் விடை சொல்வது ஆசிரியர் பணி. விடை இருக்கும் இடத்தைக் காட்டுவது நூலகர் பணி. இருவரும் ஒருவரே என்றாலும் இந்த இரண்டையும் கலந்துவிடாமல் இருப்பது நல்லது. பொருளடக்கத்தைப் பார்ப்பது, அகராதியில் சொல்லைத் தேடுவது, ஒரே செய்தியை இரண்டு நூல்களில் ஒப்பிடுவது ஆகியவற்றை நான்காம் வகுப்பிலேயே தொடங்கலாம். பெ. தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட குழந்தைகள் கலைக்களஞ்சியம் இத்தகைய தேடலுக்காகவே உருவானது. அதில் பல செய்திகள் இன்று பழையனவாகியிருக்கலாம். ஆனால் அகரவரிசையில் ஒரு தலைப்பைத் தேடிக் கண்டுபிடிக்கும் இன்பம் பழையதாகவில்லை.

பழுதுபார்த்தல்

கிழிந்த பக்கத்தைச் செல்லோடேப்பால் ஒட்டுவது வழக்கம். சில ஆண்டுகளில் அது மஞ்சளாகி, இறுகி, பக்கத்தையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். மெல்லிய தாளை மைதாப் பசையில் ஒட்டுவது மேல். முதுகு பிரிந்த நூலுக்குத் துணிப்பட்டை ஒட்டித் தைக்கலாம். கரையான் ஏறாதிருக்க அடுக்கைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். நூல்களை அடிக்கடி எடுத்துப் புரட்டுவதும் பாதுகாப்பே. பூட்டிய பீரோவின் இருளும் ஈரமும் இராமபாணப் பூச்சிக்கு உகந்தவை.

பொது நூலகத்தோடு இணைத்தல்

தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியாக வளர்ந்த பொது நூலக அமைப்பு உள்ளது. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என அது கிளைத்துள்ளது. பள்ளியில் உள்ள நூல்கள் குழந்தைக்குப் போதாமற்போகும் நாள் நிச்சயம் வரும். அதற்குள் ஊர் நூலகத்துக்கு ஒருமுறை அழைத்துச் சென்று உறுப்பினராக்கிவிட்டால், ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போன பிறகும் அக்குழந்தைக்கு ஒரு நூலகம் இருக்கும்.

ரங்கநாதனின் விதிகளும் தொடக்கப்பள்ளியும்

இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் சீர்காழியைச் சேர்ந்த சீ. இரா. ரங்கநாதன் (1892–1972) கணித ஆசிரியராக இருந்து நூலகரானவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். வாசகரே அடுக்குகளிடையே சென்று நூலை எடுத்துப் பார்க்கும் திறந்த அடுக்கு முறையை அங்குக் கொண்டுவந்தார். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் உலகெங்கும் அறியப்பட்டவை.

நூல்கள் பயன்பாட்டுக்கு உரியவை என்பது அவற்றுள் முதலாவது. பாதுகாப்பதற்காகவே நூல் என்னும் எண்ணத்துக்கு அது எதிரானது. பூட்டிய பீரோ மீறுவது இந்த முதல் விதியைத்தான். வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும் என்ற இரண்டாவது விதிப்படி, தடுமாறி வாசிக்கும் ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கும் ஒரு நூல் இருந்தாக வேண்டும். நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்ற மூன்றாவது விதி, ஒருவரும் எடுக்காத நூலை வாய்விட்டு வாசித்து அறிமுகப்படுத்தும்போது நிறைவேறுகிறது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்ற நான்காவது விதியை, காலையில் வைக்கப்படும் அட்டைப்பெட்டி காக்கிறது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிரி என்ற ஐந்தாவது விதிப்படி, நைந்துபோன நூல்கள் நீக்கப்பட்டுப் புதியவை சேர வேண்டும். ஒரு நூலும் கழிக்கப்படாத நூலகம் வளரவில்லை என்றே பொருள்.

ஜப்பானின் பட்டறிவு

சட்டம் நூலகத்தைக் கேட்டு, நூலகரை மறப்பது இந்தியாவில் மட்டும் நடந்ததன்று. ஜப்பான் 1953இல் பள்ளி நூலகச் சட்டத்தை இயற்றியது. எல்லாப் பள்ளிகளிலும் நூலகம் இருக்க வேண்டும், அதற்கு நூலக ஆசிரியர் ஒருவரும் வேண்டும் என்று அது விதித்தது. ஆனால் அதே சட்டத்தின் பிற்சேர்க்கை, தற்போதைக்கு நூலக ஆசிரியர் இல்லாமலும் இருக்கலாம் என்று விலக்கு அளித்தது. அந்தத் தற்போதைக்கு என்ற சொல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது. 1997இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, 2003 ஏப்ரல் முதல் 12 அல்லது அதற்கு மேற்பட்ட வகுப்புப் பிரிவுகள் உள்ள பள்ளிகளில் நூலக ஆசிரியர் கட்டாயமாக்கப்பட்டார். சிறிய பள்ளிகளுக்கு விலக்கு தொடர்ந்தது. 2014இல் செய்த திருத்தம், நூலக ஆசிரியரோடு சேர்ந்து பணியாற்றும் பள்ளி நூலகப் பணியாளரையும் சட்டத்தில் இடம்பெறச் செய்தது.

இதிலிருந்து அறிவது ஒன்று. கூடுதல் பொறுப்பாக ஒருவரைக் குறிப்பிட்டுவிடுவது தொடக்கம் மட்டுமே. அவருக்கு அப்பணிக்கென்று நேரம் ஒதுக்கப்பட வேண்டும், பயிற்சி வேண்டும், துணைக்கு ஓர் ஆளும் வேண்டும். பன்னாட்டு நூலகச் சங்கக் கூட்டமைப்பும் யுனெஸ்கோவும் ஏற்ற 1999ஆம் ஆண்டின் பள்ளி நூலக அறிக்கையும், பள்ளி நூலகரை மற்ற ஆசிரியர்களோடு சேர்ந்து திட்டமிடும் தகுதிபெற்ற பணியாளராகவே காண்கிறது.

பணியை அளவிடுதல்

பள்ளி நூலகத்தைப் பற்றிக் கேட்கப்படும் முதல் கேள்வி, எத்தனை நூல்கள் உள்ளன என்பதே. தொடக்கப்பள்ளி நூலகரின் பணியை இந்த எண் காட்டாது. சென்ற மாதம் எத்தனை முறை நூல் கைமாறியது, ஒரு நூலும் எடுக்காத குழந்தைகள் எத்தனை பேர், அவர்கள் யார் யார், எந்த நூல் ஒருமுறையும் வெளியே போகவில்லை, எத்தனை நூல்கள் தேய்ந்து கழிக்கப்பட்டன ஆகிய கேள்விகளே அவர் பணியைக் காட்டும். ஆய்வுக்கு வருபவர் இக்கேள்விகளைக் கேட்கத் தொடங்கினால் பீரோவின் சாவி தானாகவே வெளியே வரும்.

ஐந்து ஆண்டுகள் ஒரு பள்ளியில் படித்து வெளியேறும் குழந்தைக்குத் தன் ஊரில், தன் மொழியில், தான் விரும்பி எடுத்த நூலொன்று நினைவில் இருக்குமானால், அப்பள்ளியில் நூலகர் ஒருவர் இருந்தார் என்று கொள்ளலாம். அவர் பெயருக்கு முன்னால் ஆசிரியர் என்றே எழுதப்பட்டிருக்கலாம். நூல்களின் ஓரங்கள் மடங்கி, அட்டைகள் நைந்து, முதுகில் துணி ஒட்டப்பட்டிருப்பதே அவர் வேலை செய்ததற்கான சான்று.